மூன்று லெட்சுமிகளும் மூன்று பேர்தான்

அன்று காலை அலுவலகக் கணினியைத் திறந்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நின்றது. நாங்கள் பயன்படுத்தும் புள்ளியியல் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, இப்போதே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. பொத்தானை அமுக்கப் போன நேரத்தில் கைப்பேசி அடித்தது. கிள்ளான் டயாலிசிஸ் மையத்துத் தாதி பரமேஸ்வரி பேசினாள்.

"சுசிக்கா, கம்ப்யூட்டர் லெட்சுமி அக்கா போயிட்டாங்கக்கா. வீட்லதான். தூக்கத்துலயே."

பெட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கணினியை மூடிவிட்டு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய் அம்மா டிஷ்யூ பாக்கெட்டையே என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அவளை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். அதைப் படித்தால் லெட்சுமி எழுந்து வந்து, "எவளைப் பத்திடி எழுதுற?" என்று கேட்பாள். அதனால் அவள் அவளாகவே இருக்கட்டும். சோகப் பாட்டும் என்னால் பாட முடியாது. அவள் ஜெயித்தவள். நன்றாக, முழுசாக ஜெயித்தவள். அந்தக் கதை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இதோ முழுசும்.

கிள்ளான் மையத்தில் காலை வேளைக்கு வரும் நோயாளிகளில் மூன்று லெட்சுமிகள் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே வயது. துறைமுகப் பக்கத்திலிருந்து வருபவர் போர்ட் லெட்சுமி. உயரமானவர் பெரிய லெட்சுமி. ஊசி குத்தாத கையால் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருப்பவள் கம்ப்யூட்டர் லெட்சுமி. பரமேஸ்வரி "லெட்சுமி!" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று நாற்காலிகளிலும் தலை நிமிரும். மூன்று பேரும் சிரிப்பார்கள். வரும் நாளெல்லாம் நடக்கும் வேடிக்கை, ஆனாலும் யாருக்கும் அலுக்கவில்லை.

லெட்சுமிக்கும் எனக்கும் வேலை ஒரே ஆய்வு அலுவலகத்தில். பல மருத்துவமனைகளிலிருந்தும் மையங்களிலிருந்தும் சிறுநீரக நோயாளிகளின் பட்டியல்கள் எங்களிடம் வரும். ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் பதிந்திருப்பார். அடையாள அட்டை எண் எங்களுக்கு வராது; பெயர், வயது, வட்டாரம் இவற்றை வைத்தே அவரை அடையாளம் கண்டு ஒரே ஆளாக எண்ண வேண்டும். அதைச் செய்வது நான் சொன்ன அந்த மென்பொருள். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதும் இலவச மென்பொருள் அது. அதன் மேல் லெட்சுமிக்கு இருந்த பிரியத்தை நான் கேலி செய்யாத நாள் கிடையாது. புதிய பதிப்பு வந்தால் கூடவே ஒரு மாற்றக் குறிப்பும் வரும். என்னென்ன கூட்டினோம், எதைத் திருத்தினோம் என்று அதில் எழுதியிருப்பார்கள். மற்றவர்கள் நாளிதழ் படிப்பதைப்போல அவள் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். "மாத்தினவன் என்ன மாத்தினேன்னு சொல்லணும். வாங்கிக்கிறவ அதைப் படிக்கணும். படிக்காம அமுக்காத" என்பாள்.

கைக்கு ஒரு சின்ன அறுவைச் சிகிச்சை என்று அவள் விடுப்பில் இருந்த வாரத்தில் அலுவலகம் முழுக்க ஒரு புதிய பதிப்புக்கு மாறியது. பழையதைவிட வேகமானது, பெயர்களைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்றார்கள். உண்மையிலேயே வேகமாகத்தான் இருந்தது. அந்த வேகத்தில் வந்த அறிக்கையில் கிள்ளானின் நோயாளி எண்ணிக்கை சரிந்திருந்தது. எங்கள் மேலாளருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பாகுஸ்! ரொம்ப நல்லது! கிள்ளானில் நோய் குறைகிறது" என்று கூட்டத்திலேயே சொன்னார். புதிதாக ஒரு டயாலிசிஸ் கூடம் கட்டப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கே கட்டுவது என்பதை எங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கிள்ளானுக்கு வர வேண்டியது வேறு ஊருக்குப் போகும் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தது.

விடுப்பு முடிந்து வந்த லெட்சுமி அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க மையத்துல ஒரு நாற்காலிகூட காலி இல்ல. பெரிய லெட்சுமியோட வீட்டுக்காரருக்கும் இப்ப கிட்னி போயிடுச்சு. கிள்ளான்ல இடமில்லன்னு அந்த மனுசன் செராஸ் வரைக்கும் போயிட்டு, ரயில்ல நிக்க முடியாம தரையில உக்காந்து வராரு. நோய் குறைஞ்சிடுச்சாம்லா!" என்றாள். பிறகு அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "எண்ணிக்கை குறைஞ்சா உடனே சந்தோசப்படாத சுசி. யாரைக் காணோம்னு மொதல்ல பாரு."

பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் அனுமதி அலுவலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே இருந்தது. அவள் முதலில் தேடியது தன்னை. கொஞ்ச நேரத்தில், "என்னைக் காணோம்டி!" என்று கத்தினாள். நான் எழுந்து ஓடினேன். திரையில் 'லெட்சுமி ஏ' என்று ஒரே ஒரு ஆள் இருந்தார்.

காரணம் புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மலேசியாவில் நம் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே மகளுக்கு ஏ/பி என்றும் மகனுக்கு ஏ/எல் என்றும் ஒரு சாய்கோட்டோடு எழுதுவது வழக்கம் அல்லவா? புதிய பதிப்பு, சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது இன்னொரு பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டு வெட்டி எறிந்திருந்தது. அதே இடத்தில் சாய்கோடில்லாத 'பின்' என்ற மலாய்ச் சொல்லை எழுதும் மலாய்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீனர்களுக்கும் ஆகவில்லை. வெட்டு முழுவதும் நம் தலையில். போர்ட் லெட்சுமியின் அப்பா, பெரிய லெட்சுமியின் அப்பா, இவளுடைய அப்பா சின்னசாமி மூவரும் காணாமல் போக, ஒரே வயது, ஒரே வட்டாரம், ஒரே 'லெட்சுமி ஏ' என்று மூன்று பேரையும் சேர்த்து ஒருத்தியாக்கியிருந்தது. சரஸ்வதிகளுக்கும் சுப்பிரமணியங்களுக்கும் அதே கதிதான்.

"போர்ட் லெட்சுமிக்கு நாலு பிள்ளைங்க. அப்ப எனக்கும் நாலா? கல்யாணமே ஆகலையேடி எனக்கு!" என்றாள் லெட்சுமி. மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

அன்றே மென்பொருளைப் பராமரிக்கும் குழுவுக்கு எழுதினாள். எங்கோ குளிர் நாட்டில் இருந்த பொறுப்பாளர், அந்தச் சாய்கோடு தட்டச்சுப் பிழையாக இருக்கலாம், மருத்துவமனையிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு நாலு வார்த்தை நறுக்கென்று எழுதிக் கொடுத்தேன். லெட்சுமி அதைப் படித்து ரசித்துவிட்டு அழித்தாள். "திட்டினா ஒனக்கு நல்லா இருக்கும். எண்ணிக்கை மாறாதுலா."

அவளே நிரலைத் திருத்தி அனுப்பினாள். அதையும் அவர்கள் ஏற்கவில்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. வேறு சில நாடுகளின் பட்டியல்களில் சாய்கோடு உண்மையிலேயே இரண்டு பெயர்களைப் பிரிப்பதற்காகப் போடப்படுகிறது. இவளுடைய திருத்தம் அவர்களைக் குழப்பிவிடும். நானாக இருந்தால் அங்கேயே சண்டைக்குப் போயிருப்பேன். லெட்சுமிக்கு அது பிடித்துப்போனது. "கரெக்டாதான் சொல்றாரு. நம்மளக் காப்பாத்த இன்னொருத்தன் பேரைக் கெடுக்கக்கூடாது" என்றாள். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு கையால் தட்டித் தட்டி மறுபடி எழுதினாள். இந்த முறை அவள் செய்தது பெரிய காரியம். மென்பொருள் எந்தப் பெயரையும் சொல்லாமல் வெட்டக்கூடாது. வெட்டலாமா என்று கேட்க வேண்டும். எத்தனை பெயர்களைத் தொட்டது என்று முடிவில் சொல்ல வேண்டும். ஏ/பி, ஏ/எல் வந்தால் பின்னால் இருப்பது அப்பா பெயர் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் வழக்கமாகப் போகும் தேநீர்க் கடைக்கு வந்தாள். எப்போதும்போல, "அண்ணே, ஒரு தே தாரேக், ரெண்டு கிளாஸ்" என்றாள். தண்ணீர் அளவு பார்த்துக் குடிக்க வேண்டியவள், அதனால் அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி. நான் விளையாட்டாக என் அப்பாவின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். அவருடைய பழைய அட்டையில் 'மகன்' என்பது எஸ்/ஓ என்று ஆங்கிலத்தில் இருக்கும், மகளுக்கு டி/ஓ. மென்பொருள் அவரை எங்கேயும் நிறுத்தாமல், கேட்காமல், கச்சிதமாக வெட்டியது.

"அடிப்பாவி, எங்க அப்பாவைக் கொன்னுட்டியே!" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லெட்சுமி திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடையே அதிரச் சிரித்தாள். "ஐயோ! ஊரு பூரா எஸ்/ஓ, டி/ஓ இருக்கே! எங்கப்பா பேரு கெடைச்சதும் அதோட விட்டுட்டேன் பாரு! வெள்ளைக்காரனை மட்டும் குத்தம் சொன்னேனே!" பாதித் தேநீர் ஆறுவதற்குள் அதையும் சேர்த்துவிட்டாள். கேட்காமல் வெட்டிய ஓட்டையும் அடைபட்டது. அன்றைக்கு என் அப்பா பிழைத்தார்.

அடுத்த பதிப்பு வெளியானது. மாற்றக் குறிப்பில் நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயர், சாய்கோடும் அப்பாவுமாக முழுசாக நின்றது: லெட்சுமி ஏ/பி சின்னசாமி. அப்படியே போட வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். இந்தத் திருத்தத்தால் இன்னும் பல நாட்டுப் பெயர்கள் பிழைத்தன, நாங்கள்தான் கற்றுக்கொண்டோம் என்று அந்தப் பொறுப்பாளர் தனியாகவும் எழுதியிருந்தார். அதை அவள் எனக்கு முழுசாக வாசித்துக் காட்டினாள்.

புதிய பதிப்பில் கணக்கை ஓட்டினோம். கிள்ளானின் கோடு கீழே இருந்து எழுந்து மேலே போனது. மேலாளர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். முந்தைய அறிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்தார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். கூடம் கிள்ளானுக்கு வந்தது.

திறப்பு நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விருந்தினர்கள் பேசி முடித்ததும் பரமேஸ்வரி வேண்டுமென்றே ஒலிபெருக்கியில், "லெட்சுமி!" என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பெரிய லெட்சுமியின் கணவருக்கு மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியே கிடைத்தது. "இனிமே இங்கயும் இவகிட்ட ஏச்சு வாங்கணுமா?" என்று அவர் கேட்டார். அவர் மனைவி சிரித்துக்கொண்டே அழுதார்.

ஒன்றை மட்டும் லெட்சுமி யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மென்பொருளின் ஒவ்வொரு பதிப்பும் வெளியாகும் முன்னால் சில சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். மாதிரிப் பெயர்களை உள்ளே விட்டு, சரியான விடை வருகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சோதனை தவறினாலும் பதிப்பு வெளியே போகாது. அந்தச் சோதனைகளில் ஒன்றாக மூன்று லெட்சுமிகளையும் அவள் சேர்த்திருந்தாள். மற்ற இருவரிடமும் அனுமதி கேட்டுத்தான் சேர்த்தாள். "என் பேரு ஒலகம் பூரா போவுமா? போடு போடு! எங்கப்பா பேரையும் சேத்துப் போடு!" என்றாராம் போர்ட் லெட்சுமி.

ஈமச்சடங்குகள் முடிந்து அலுவலகம் திரும்பினேன். அந்தச் சின்னப் பெட்டி அதே கேள்வியோடு காத்திருந்தது. நான் அமுக்கவில்லை. மாற்றக் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். படங்களின் நிறத்தை மாற்றியிருந்தார்கள், ஏதோ ஒன்றை வேகப்படுத்தியிருந்தார்கள். சாதாரணமான பதிப்பு. பிறகு சோதனைகளை நானே ஓட்டினேன். பச்சை வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவளுடைய வரி வந்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். குறிப்பைப் படிக்காமல் எதையும் அமுக்குவதில்லை. சனிக்கிழமைகளில் பாதி கிளாஸுக்கு மேல் தேநீர் இறங்குவதில்லை. எந்த எண்ணிக்கை குறைந்தாலும் யாரைக் காணோம் என்று கேட்கிறேன்.

கிள்ளான் மையத்தில் பரமேஸ்வரி இனி "லெட்சுமி!" என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள்தான் நிமிரும். ஆனால் அந்த மென்பொருளுக்கு எங்கே, யார், எப்போது புதிய பதிப்பு எழுதினாலும், முதலில் மூன்று லெட்சுமிகள் அதற்குள் போவார்கள். மூன்று பேரும் தங்கள் அப்பா பெயரோடு வெளியே வந்தால்தான் அது உலகத்துக்குப் போகும். இந்த முறையும் மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.