தகரம் அடைத்த வாசல்

வெல்டருக்குத் தெருவில் தீப்பொறி என்று பெயர். வேலையில்தான் பொறி பறக்கும். ஆள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர்.

தொற்று பரவத் தொடங்கியதும் முதலில் போனவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். முகத்தைக்கூடக் காட்டாமல் பையில் சுற்றி எடுத்துப் போனார்கள். நோய் கண்ட கட்டடங்களின் வாசலைத் தகரம் வைத்து அடைக்க நகராட்சி ஆள் தேடியபோது, தீப்பொறி தானாகவே போய் நின்றார்.

"நோய் வந்த கட்டடத்த அப்பவே அடைச்சிருந்தா, அண்ணனுக்கு யாரும் அதக் கொண்டுவந்திருக்க மாட்டாங்க," என்றார் மனைவியிடம்.

"உங்களுக்கு வந்துட்டா?"

அவர் வெல்டிங் கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடைக்கும்போது உள்ளேயிருந்து வண்டை வண்டையாகத் திட்டுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் ஒரு குடியிருப்பில், இளம்பெண் ஒருத்தி மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணே, நிறுத்துங்க! எங்க வீட்டுக்காரருக்கு கிட்னி ரெண்டும் போச்சு. நாளைக்கு டயாலிசிஸ். எப்படிப் போவோம்?"

சுகாதார ஆய்வாளர் அம்மா பக்கத்தில் நின்றார். தூக்கமில்லாத கண்கள். "ஆம்புலன்ஸ் வரும்மா. நாங்களே வந்து திறந்து விடுவோம்," என்றார்.

தீப்பொறி தகரத்தைப் பற்றவைத்துவிட்டு வந்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அடுத்தடுத்த வேலைகளுக்கு நடுவே ஒரு மதியம் அந்தப் பக்கம் தன் சரக்கு வண்டியைத் திருப்பினார். தகரம் அப்படியே இருந்தது. உள்ளே அதே பெண்ணின் குரல்.

"யாருமே வரலண்ணே. போன எடுக்க மாட்டேங்கிறாங்க. அவருக்கு மூச்சு முட்டுது."

அவரும் சுகாதார ஆய்வாளரை போனில் அழைத்துப் பார்த்தார். இணைப்பு கிடைக்கவில்லை. வண்டியிலிருந்து கட்டிங் மெஷினை இறக்கினார். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் பதறி எழுந்தார்.

"யோவ், உத்தரவு இல்லாம கை வைக்காத! என் வேலைக்கு உலை வச்சிடாதய்யா!"

"என் மேல பழியப் போடுங்க சார்," என்றபடி அறுக்கத் தொடங்கினார்.

கணவனை நாற்காலியோடு தூக்கி வந்து வண்டியில் ஏற்றினார்கள். அந்த இடைவெளியில் கீழ்வீட்டு ஆட்கள் இரண்டு பேர் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டார்கள். "ஐயா, போகாதீங்க!" என்று தீப்பொறி கத்தியதை யார் கேட்டது?

ஆஸ்பத்திரியில் அந்தக் கணவன் பிழைத்துக்கொண்டான். தீப்பொறியைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்து வழக்குப் போட்டார்கள். சுகாதார ஆய்வாளர் அம்மா அங்கே வந்தார்.

"ஒரு உயிரக் காப்பாத்திட்டீங்க, சரி. ஓடினவங்களுக்கு நோய் இருந்தா, அவங்க போற வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ஆம்புலன்ஸ் அனுப்பியிருந்தா நான் ஏம்மா தகரத்தத் தொடப் போறேன்?"

அந்த அம்மா பெஞ்சில் தளர்ந்து உட்கார்ந்தார். "இருந்த வண்டியெல்லாம் பொணம் ஏத்தப் போயிருச்சு," என்றார்.

ஓடியவர்களில் ஒருவன் அடுத்த தெருவில் மாமனார் வீட்டில் ஒளிந்திருந்தான். அந்த மாமனார் தொற்று வந்து இறந்துபோனார்.

தொற்று அடங்கிய பிறகு அரசாங்கம் வழக்கைக் கைவிட்டது. அந்தப் பெண் கணவனோடு நன்றி சொல்லப் பட்டறைக்கு வந்தாள். தீப்பொறி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு கம்பியை அறுக்கப் போய்விட்டார்.

அவர்கள் போனதும் மனைவி கடிந்துகொண்டாள். "தேடி வந்தவங்ககிட்ட நாலு வார்த்தை பேசினா என்னவாம்?"

"பேசலாம்," என்றார் அவர். "ஓடிப்போனவனோட மாமனார் செத்தாரே, அவரு மகளும் தினம் இந்த வழியாத்தானே போகுது."