வழியில் கேட்டால் சித்தப்பா

மூக்கு உடைந்த அந்தப் பீங்கான் கிளியைப் போன வாரம் ஜங்ஷன் டீக்கடை எதிரில் மறுபடியும் பார்த்தேன். ஃபியூஸ் கட்டை மூட்டைகளை ஏற்றி நின்ற ஒரு குட்டியானை லோடு வண்டியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டியிருந்தது. எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் அந்தக் கிளியை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். அதைப் பார்த்து நின்றபோதுதான், சட்டசபையில் பேசச் சொல்லி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மனு கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

முன்பு அந்தக் கிளி ஒரு வேனில் இருந்தது. வெள்ளை நம்பர் பலகை, சொந்த உபயோகத்துக்கு மட்டும். வாடகைக்கு ஓட்ட மஞ்சள் பலகை வேண்டும். அதற்குப் பர்மிட், மாநில அரசின் வரி, இன்சூரன்ஸ் எல்லாமே வேறு, எல்லாமே அதிகம். ஆனால் ஊரில் பல வேன்கள் வெள்ளைப் பலகையோடுதான் வாடகைக்கு ஓடின. அதனால் கிளம்பும் முன் வண்டிக்குள் ஒரு ஒத்திகை நடக்கும். வேன்காரர் திரும்பிப் பார்த்து, "வழியில யாராவது நிறுத்திக் கேட்டா நான் உங்களுக்கு என்ன முறை?" என்பார். நாங்கள் கோரஸாக, "சித்தப்பா!" வேறு வீட்டுக்கு அவர் மாமா, இன்னொரு வீட்டுக்கு மச்சான். "ஊரு பூரா எனக்கு சொந்தம், பொண்ணு குடுக்கத்தான் ஒருத்தனும் இல்ல" என்பார். அப்பா விடமாட்டார். "தம்பிதானே, அப்ப வாடகைய கொறச்சிக்க."

சேத்தியாத்தோப்பில் அக்காவின் நிச்சயதார்த்தம் முடிந்து திரும்பிய சாயங்காலம், பாதி ரோட்டை அடைத்துக் காயப்போட்டிருந்த நெல்லில் சக்கரம் வழுக்கியது. வேன் மதகுச் சுவரில் மோதி முகம் நசுங்கியது. அப்பாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது. நெற்றியில் ரத்தம் வழிய வேன்காரர்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நோயாளிக்கு நீங்க யாரு என்று நர்ஸ் கேட்டபோது, "தம்பிங்க" என்றார். அங்கே அப்படிச் சொல்ல ஒரு தேவையும் இல்லை.

பிறகு ஒருநாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். அப்பா உள்ளே படுத்திருந்தார். நான் சட்டக் கல்லூரியில் முதல் வருடம். மோட்டார் வாகனச் சட்டத்தை ஆர்வத்தில் முன்கூட்டியே புரட்டியிருந்தேன். படித்ததைச் சொன்னால் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். வேன்காரர் உறவா என்றார். "இல்லீங்க சார், அவரு எங்களுக்கு யாருமில்ல. வாடகைக்கு வந்தவரு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டினால் பாலிசி செல்லாமல் போகும் என்பதையும் நானே விளக்கினேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு, "நல்லா படிக்கிறீங்க தம்பி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டது. ரிப்பேர் பார்க்க வழியில்லாமல் வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. "ஆஸ்பத்திரியில அவன் என் தம்பின்னு சொன்னான்டா" என்றார் அப்பா. அப்பாவைப் பார்க்க வந்த வேன்காரர் என்னிடம் சிரித்தார்: "ஏன் வக்கீலு, மொத கேஸே சித்தப்பா மேலயா?" அவர் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் பாதி உண்மையைத்தான் சொன்னேன். மஞ்சள் பலகை வேனுக்கு வாடகை அதிகம் என்று அவரைத் தேடிப் போனவர்கள் நாங்கள். பேரம் பேசியவர்கள் நாங்கள். ஒத்திகையில் சத்தமாகக் கத்தியவன் நான். அதையெல்லாம் அந்த இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லவில்லை.

போன வாரம் டீக்கடையில், வேறொருவருக்குச் சொந்தமான அந்தக் குட்டியானைக்கு டிரைவராக வேன்காரர் நின்றார். மனுவைப் பற்றிப் படபடவென்று சொன்னேன்: ஒற்றை வேனை வைத்துப் பிழைப்பவர்கள் மஞ்சள் பலகைக்கு மாற மாநில வரியைக் குறைக்க வேண்டும், சிறு தவணையில் கட்ட விடவேண்டும், மாறினால் ஓட்டுகிறவருக்கும் ஏறுகிறவருக்கும் முறையான இன்சூரன்ஸ் இருக்கும். டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "அதுல என்னை என்ன முறைன்னு எழுதுவ?"

வாடகை வேன் ஓட்டியவர் என்றே எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை எம்.எல்.ஏ. ஆபீசுக்கு அவரையும் கூட்டிப்போகப் போகிறேன். கிளி ஒட்டிய அந்த வண்டியிலேயே போகலாம் என்று கேட்பேன். வாசலில் நிற்பவர் கண்டிப்பாக, இவர் யார் என்று கேட்பார். சித்தப்பா என்று சொல்வேன். உறவில்லை என்று சொல்வதானால், அதை அவரே சொல்லட்டும்.