மூடி சேராத சோப்பு டப்பா

முதல் தோசை பிய்ந்தால் அடுத்ததைச் சுடலாம்; பிளாஸ்டிக் பட்டறையில் முதல் மாதம் முழுக்கப் பிய்யும். சொந்தத் தொழில் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, பெரம்பலூரில் ஒரு கொட்டகையில் கை மெஷின் போட்டேன். என் மனைவி கமலம் ஒரே நிபந்தனைதான் போட்டாள்: தை பிறப்பதற்குள் ஒரு கடைக்காரராவது என் சரக்கை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பழைய வேலைக்கே போய்விட வேண்டும். அதற்கான மனுவையும் அன்றைக்கே எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

தொங்கும் வேலை

மேலே புனலில் பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுவோம். ஹீட்டர் சுற்றிய குழாயில் அது பாகாக உருகும். நீளக் கைப்பிடியில் தொங்கி இழுத்தால் பாகு கீழே உள்ள இரும்பு அச்சுக்குள் பாயும். நூறு எண்ணி, ஆறியதும் திறந்தால் சோப்பு டப்பா.

உதவிக்கு வந்த செல்லம்மா குன்னத்துக்காரி, அதுவரை களையெடுத்தவள். முதல் நாள் நாலு தடவை இழுத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"எங்க ஊரு வெங்காயக் கொல்லையே தேவலாம்ண்ணே. அங்க குனியத்தான் சொல்லுவாங்க, தொங்கச் சொல்ல மாட்டாங்க."

களத்தில் காய்ந்தது

ஐப்பசி மழையில் குருணை நமத்துப்போனது. நமத்த குருணையில் டப்பா போட்டால் உடம்பெல்லாம் கோடு கோடாக விழும். வெயில் வந்ததும் பக்கத்துக் களத்தில் பரப்பிவைத்தேன். அங்கேயே பக்கத்து வீட்டார் கம்பு காயவைத்திருந்தார்கள். இரண்டையும் கோழி கிளறிக் கலந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

அரியலூரில் கடை வைத்திருந்த பாய் ஒருவர் மாதிரி கேட்டிருந்தார்; அவரிடம் ஒரு டப்பாவைக் கொண்டுபோனேன். வெள்ளை மூடியின் நட்டநடுவில் கருகிய கம்பு மணி ஒன்று. பாய் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நான் சோப்பு வைக்கத்தானே தம்பி டப்பா கேட்டேன்? கம்பங்கூழ் குடிக்கவா கேட்டேன்?"

ஒரு பாட்டு நேரம்

ஆனாலும் பாய் நல்லவர். பொங்கலுக்குள் ஒழுங்காக நூறு டப்பா கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பதறிப்போய், அறுபது எண்ணியதுமே அச்சைத் திறந்தேன். சூட்டோடு வெளியே வந்த மூடிகள் காலையில் சுருங்கிக் கோணிக்கொண்டு கிடந்தன. ஒன்றுகூட டப்பாவில் உட்காரவில்லை. பழைய வேலைக்குக் கூப்பிடும் சுரங்கச் சங்கு காதில் கேட்டது போலிருந்தது, அழுகை வந்துவிட்டது.

செல்லம்மா என்னை நகரச் சொன்னாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு களையெடுப்புப் பாட்டை முழுசாகப் பாடி முடித்த பிறகே அச்சைத் தொட விட்டாள். கெட்ட மூடிகளை உடைத்து மறுபடி உருக்கினோம். மார்கழி முடிவதற்குள் நூறும் தேறின. நடுவில் அவசரமாக ஒருதரம் கை நீட்டினேன்.

"பாட்டுல பாதி இருக்குண்ணே. களைய விட்டுட்டுக் கரையேற முடியுமா?"

போகி

போகியன்று விடியற்காலை, சாக்குமூட்டையோடு பஸ் ஏறினேன். பாய் பத்து டப்பாக்களைத் திறந்து திறந்து மூடினார். பத்தும் டக்கென்று மூடின. மூட்டையைக் கடைக்குள் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். கமலம் ஆச்சரியப்படவில்லை. பழைய வேலையைத் திரும்பக் கேட்டு அவள் எழுதிவைத்திருந்த மனுவைக் காட்டச் சொன்னேன்.

"அதையா? நீங்க பஸ் ஏறுன கையோட, பழைய கோரப்பாயோட சேத்து போகித் தீயில கொளுத்திட்டேன்."

பதினைந்து வருஷம் மெஷின் இழுத்ததில் எனக்கு மிஞ்சியது, இடதைவிட ஒரு அங்குலம் தாழ்ந்துபோன வலது தோளும், என்னை எனக்கு முன்பே நம்பித் தொலைத்த ஒரு மனைவியும்தான்.