திரும்பி வராத தண்ணீர்

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கோல சிலாங்கூரிலிருந்து காரை எடுத்தேன். அவ்வளவு அவசரத்துக்கு நான்தான் காரணம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன். தண்ணீர்ப் பக்கம் போவதென்றால் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் பார்க்காமல் கிளம்பமாட்டேன். ஒன்பதுக்குள் குளித்து முடித்துவிட வேண்டும் என்று மனைவி ரோசியிடம் கறாராகச் சொல்லியிருந்தேன்.

இந்தப் பயணமே ஓர் ஒத்திகைதான். எங்கள் மகள் கனடாவில், நயாகரா அருவிக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கிறாள். அக்டோபரில் அவளுக்குத் தலைப்பிரசவம். ரோசியோ வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன வருடம் நான் மட்டும் மலேசியாவிலிருந்து போய், அருவியைப் படம்பிடித்து அனுப்பியது வினையாகப் போயிற்று. நான் வாய் பிளந்து பார்த்த தண்ணீரை அவள் பார்த்துவிட்டு, அன்று சோறே இறங்கவில்லை என்றாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. சபாக் பக்கத்துத் தோட்டத்தில் அவள் சிறுமியாக இருந்தபோது மதகு உடைந்துவிட்டது. வடிந்துபோன வாய்க்கால் தண்ணீர் கடல் ஏற்றத்தோடு திரும்பி வந்து, அவர்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்து வீட்டுக்குள் புகுந்தது. பிள்ளைகளை மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்களாம். அதற்குப் பிறகு அவள் தண்ணீரில் கால் வைப்பதில்லை. சின்ன அருவியில் பயம் தெளிந்தால் பெரிய அருவிக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் இருந்துவிடுவாள் என்பது என் கணக்கு. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் மகள் பிள்ளை பெறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பெஸ்தாரி ஜெயா தாண்டியும் வழியெங்கும் செம்பனைத் தோட்டம்தான். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் ஓட்டி ராசா என்ற சிற்றூரில் பசியாற நிறுத்தினோம். இருவருக்கும் ரொட்டி சானாய், தே தாரேக் டீ, எட்டு வெள்ளி ஆயிற்று. ரோசி பாதியை அப்படியே வைத்துவிட்டாள். கோல குபு பாருவைக் கடந்து மலைச்சாலையில் ஏறி அருவிக்குப் போனால், கேட் பூட்டியிருந்தது.

காவலுக்கு இருந்தவன் குணா என்ற நம் தமிழ்ப் பையன்தான். ஏன் இத்தனை சீக்கிரம் என்று கேட்டான். கடல் ஏறுவதற்குள் குளிக்க வேண்டுமே என்றேன்.

“அண்ணே, இங்க கடல் எங்கண்ணே இருக்கு? தண்ணி மேலேருந்து வரும், கீழ போவும். அவ்ளோதான் லா.”

எனக்கு அசடு வழிந்தது. ரோசி சிரிக்கவில்லை.

“போன தண்ணி திரும்பி வராதா தம்பி?”

“வராதுக்கா. மேல மழ பேஞ்சாதான் பயம். அப்ப நானே உள்ள விடமாட்டேன்.”

கேட்டைத் திறந்ததும் இருபது நிமிடம் காட்டுப்பாதையில் நடந்தோம். மூன்று மாடி உயரத்திலிருந்து அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பேசினால் கேட்காத இரைச்சல். ரோசி கரையில் நின்று, ஓர் இலையைப் பறித்துத் தண்ணீரில் போட்டாள். அது பாறைகளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று போட்டாள். அதுவும் போய்விட்டது. வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். நான் கையை நீட்டினேன், வேண்டாம் என்றாள். முழங்கால், இடுப்பு, பிறகு நேராக அருவிக்கடியில் போய்த் தலையைக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நயாகராவை நான் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன். எது பெரிது என்று கேட்டால் இதுதான் பெரிய அருவி என்பேன்.

“என்னங்க, பாஸ்போர்ட் எடுக்க எப்பப் போவலாம்?” என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள்.

திங்கட்கிழமை காலையிலேயே போகலாம் என்று நானும் கத்தினேன்.

“அப்ப இன்னும் கொஞ்சம் குளிச்சுக்கிறேன்.”