அப்பப்பாவின் கல்வெட்டு

நகலெடுக்கும் இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளின் சூடும், அதிலிருந்து எழும் லேசான கருகல் மணமும் யாரோ செத்துப்போனார்கள் என்பதற்கு எங்கள் வீட்டில் அடையாளம். தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் யாழ்ப்பாணத்தார் எவர் வீட்டில் இழவு விழுந்தாலும், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கொடுப்பதற்கு ஒரு “கல்வெட்டு” வேண்டும் என்று எங்களோடு குடியிருந்த என் மாமாவைத்தான் தேடி வருவார்கள். இறந்தவரின் ஊர், பெற்றார், படிப்பு, உத்தியோகம், பிள்ளைகள் என்று வாழ்க்கை முழுவதையும் பாட்டிலும் உரையிலும் புகழ்ந்து அச்சடிக்கும் சிறிய புத்தகம் அது. அம்மாவின் அண்ணனான மாமா ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். இங்கே பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். பெட்டி அடுக்கிய கையாலேயே சனிக்கிழமைகளில் வெண்பாவும் எழுதினார். குடிகாரனும் அவர் கல்வெட்டில் கொடை வள்ளலாகிவிடுவான். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை, கேட்டு வருவதே அதற்காகத்தான்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்த குளிர்காலத்தில் அப்பப்பா இறந்தார். என் அப்பாவின் அப்பா ஹங்கேரிக்காரர். உலகப் போர் முடிந்து அகதி முகாமில் கிடந்து, கப்பலேறி இங்கே வந்து, ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் மிஹாய். ஆனால் அவரை “அப்பப்பா” என்று கூப்பிட அம்மா என்னைப் பழக்கியதால், அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தார். அவருக்கும் மாமாவுக்கும் ஆங்கிலம் அரைகுறை. இரண்டு பேரும் கராஜில் மணிக்கணக்காகச் சீட்டு விளையாடுவார்கள். இருவருமே போரிலிருந்து வந்தவர்கள், இருவருமே அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சம்பந்திக்குக் கல்வெட்டு இல்லாமல் விடுவதா என்று மாமா தானாகவே எழுத உட்கார்ந்தார். ஊரும் பெற்றார் பெயரும் அப்பாவுக்குத் தெரிந்தன. பதினெட்டு வயதில் பட்டாளம் என்றதும் மாமா வழக்கமான கையோட்டத்தில், தாய்நாட்டைக் காக்க எழுந்த வீரன் என்று ஒரு வரி போட்டுவிட்டார். இரவுச் சாப்பாட்டில் அதைப் பெருமையோடு ஆங்கிலத்தில் விளக்கினார். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். தான் சிறுவனாக இருந்தபோது, போரில் இறந்தவர்களை நினைக்கும் ஆன்சாக் நாளில் மற்றப் பிள்ளைகள் தகப்பன்மாரின் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வருவார்களாம். நம்மிடம் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, தன் படைக்கு மேலே இருந்தவர்கள் ஜெர்மானியர்கள் என்று மட்டும் அப்பப்பா சொன்னாராம். அதற்கு மேல் அப்பா கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளும் இல்லை. தன் தகப்பன் அங்கே என்ன செய்தார் என்று தெரியாமல் புகழ் எழுத வேண்டாம் என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் மாமாவும் நகரின் தெற்கே உள்ள தகனினிக்குப் போனார்கள், என்னையும் ஏற்றிக்கொண்டு. அங்கே மகளோடு இருந்த லாயோஷ் என்ற கிழவர் அப்பப்பாவின் ஊர்க்காரர். அதே படையில் இருந்தவர். எனக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு அவர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். இரண்டு பேரையும் ஒரே நாளில் பிடித்துப் பட்டாளத்தில் சேர்த்தார்களாம். போர்முனைக்கு அனுப்புவார்கள் என்று பயந்திருந்தவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. தலைநகரிலிருந்து யூதர்களை, பெரும்பாலும் பெண்களை, குளிரில் மேற்கு எல்லை வரை நடத்திக்கொண்டு போகும் வேலை. அந்தப் பெண்கள் நகரத்துச் சப்பாத்துகளோடு நடந்தார்களாம். நடக்க முடியாமல் விழுந்தவர்களை, வரிசையின் கடைசியில் வரும் காவலர்கள் சுட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு.

தன் அப்பா எங்கே நடந்தார் என்று அப்பா கேட்டார்.

“கடைசியில்” என்றார் லாயோஷ். பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, “நான் முன்னால் நடந்தேன். வெடிச்சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்ததில்லை. அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை” என்றார்.

என் வாயில் பிஸ்கட் இருந்தது. அதை மென்று விழுங்கினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மோட்டார்வேயில் திரும்பி வரும்போது அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன், அது அப்பப்பாவின் பிடரி போலவே இருந்தது, அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. யாரும் அழவில்லை. சவ அடக்கத்தில் அழுத அம்மாகூட அதன் பிறகு அழுததை நான் பார்க்கவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மாதான் மாமாவிடம் பேசினார். “செத்த மனிசனைப் பற்றி ஆரும் உப்பிடி எழுதுவினமே அண்ணை? அந்த இடத்தை விட்டிட்டு மற்றதை எழுதுங்கோ” என்றார்.

மாமா அந்த வீரன் வரியைக் கோடு போட்டு வெட்டினார். பிறகு, “எத்தினையோ பேருக்குப் பொய் எழுதிப்போட்டன், தங்கச்சி. அதெல்லாம் சின்னப் பொய். இதை விட்டால் அந்தச் சனம் விழுந்ததும் இல்லையெண்டாயிடும்” என்றார்.

எழுது என்று அப்பாவும் சொன்னார். வெண்பா இல்லை, அடைமொழி இல்லை. “பதினெட்டு வயதில், ஜெர்மானியரின் கீழிருந்த ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டு, சாவுக்கு நடத்திச் செல்லப்பட்ட மக்களின் பின்னால் துப்பாக்கியோடு நடந்தார்.” அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மாமா எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்திருந்ததால் நான்தான் வாசித்து ஆங்கிலத்தில் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அம்மா மரக்கறிச் சாப்பாடு சமைத்தார். யாழ்ப்பாணத்தார் கல்வெட்டைப் பிரித்து வாசித்து, அந்த வரி வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மூடிவைத்துச் சாப்பிட்டார்கள். அப்பப்பாவின் ஹங்கேரிய நண்பர்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. எவ்வளவு அழகான எழுத்து என்று விரலால் தடவினார்கள். லாயோஷ் தன் பிரதியைக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவருடைய கூட்டாளியைப் பற்றிப் புகழ்ந்து எழுதியிருக்கிறது என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இப்போது அந்த வீடு இல்லை, அந்த இடத்தில் நான்கு வீடுகள் நிற்கின்றன. மாமாவும் அம்மாவும் போய்விட்டார்கள். கல்வெட்டு எழுதவும் ஆளில்லை. சவச்சாலைத் திரையில் படங்கள் ஓடுகின்றன, அதோடு சரி. எங்கள் குடும்பத்தில் அந்த வரியை வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் மிச்சம். என்னோடு அது முடிந்துபோவது நல்லதுதானே என்று சில நாள் நினைப்பேன். அப்படி நினைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடிகிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன ஏப்ரலில், ஆன்சாக் நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்ல நம் வீட்டில் யாராவது போருக்குப் போனார்களா என்று என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். கல்வெட்டை எடுத்து, அந்த வரியின் கீழே பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே வாசித்தாள், இன்னொரு முறை வாசித்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அந்தப் பெண்களுக்காக எங்கள் வீட்டில் யாராவது அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.