ஸ்கோப் வாங்கப் போன அருட்பிரகாசம்

அருட்பிரகாசத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஒருபக்கமாகப் பேசுகிறேன் என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவர் என் மனைவியின் அக்கா கனகாம்பிகையின் கணவர். எண்பத்தைந்தில் நாங்கள் அகதிகளாக வந்து லண்டன் பிளேஸ்டோவில் அவருடைய வீட்டு மேலறையில் குடியேறியபோது அவர் பத்து வருட லண்டன்காரர். படிக்க வந்தவர். படிப்பு ஏறவில்லை, கவுன்சிலில் வேலை கிடைத்தது. ஆனாலும் "நான் உங்களைப் போல ஓடி வந்தனான் இல்லை" என்று வாய் ஓயாமல் சொல்வார். பஸ்ஸில் நாங்கள் தமிழில் பேசினால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வெள்ளைக்காரரோடு பழகுவதற்கென்றே அவர் ஒரு துவக்குச் சுடும் கிளப்பில் சேர்ந்தார். ரயில் பாலத்துக்குக் கீழே நீளமான ஒரு கூடம். கிளப்பின் துவக்கால் காகித இலக்கைச் சுடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கடெற் மாணவர் படையில் இருந்தவர், கை நடுங்காது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐம்பதை நெருங்கியதும் கண் காலை வாரிவிட்டது. துவக்கின் மேல் ஸ்கோப், அதாவது இலக்கைப் பெரிதாகக் காட்டும் குழாய்க்கண்ணாடி, பூட்டிச் சுடும் பிரிவுக்கு மாறலாம் என்று கிளப்பில் சொன்னார்கள். ஸ்கோப்பை அவரவர்தான் வாங்க வேண்டும். இவருக்கு அது மலிவாகவும் வேண்டும், மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகவும் வேண்டும்.

தொண்ணூற்றொன்றில் ஒரு சனிக்கிழமை என்னுடைய பழைய டட்சன் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐசே சிவானந்தன், காரை எடும். துவக்குக் கடைக்குப் போக வேணும்."

"என்ர அகதிக் கேஸ் இன்னும் ஹோம் ஒபிஸில கிடக்கு, அண்ணை. பொலிஸ் அது இதெண்டு ஏதும் வந்தா என்னைப் பிளேனில ஏத்திப்போடுவாங்கள்."

"துவக்கே வாங்கப்போறன்? கண்ணாடிதானே. நீர் ஆரின்ர வீட்டில இருக்கிறீர் எண்டதை மறந்துபோகாதையும்."

அதை மறக்க அவர் எந்த நாளும் விட்டதில்லை. காரை எடுத்தேன்.

கடைக்காரர் கிழவர், பொறுமைசாலி. கிளப்பின் கூடம் எவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டு, நான்கு மடங்கு காட்டும் சிறிய ஸ்கோப் ஒன்றை எடுத்து வைத்தார். அந்தத் தூரத்துக்கு இது போதும், மலிவான பெரிய ஸ்கோப்புகள் தூரத்தில் காட்டினாலும் கிட்டத்தில் மங்கும் என்றார். அருட்பிரகாசம் என் பக்கம் திரும்பித் தமிழில் உறுமினார்.

"பெரிசை ஒளிச்சுவைச்சிட்டுச் சின்னனைத் தாறான். என்னை விசரன் எண்டு நினைக்கிறான்."

பன்னிரண்டு மடங்கு காட்டும் மலிவான ஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக் கண்ணில் வைத்தார். கிழவர் சொன்னபடியே கடைக்குள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. குற்றம் ஸ்கோப்பிலா? இல்லை, அவர் கணக்கில் கடையின் டியூப் லைற்றில். எங்கள் ஊர்ப் புடவைக் கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. கிழவர் வேறொருவரைக் கவனிக்கத் திரும்பிய நேரம் இந்த மனுஷன் ஸ்கோப்போடு வீதிக்கு இறங்கிவிட்டார்.

ஐரிஷ் இயக்கமான ஐ.ஆர்.ஏ. லண்டனில் குண்டு வைத்துக்கொண்டிருந்த வருடம் அது. ரயில் நிலையங்களில் குப்பைத் தொட்டிகளைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், துவக்குக் கடை வாசலில், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர் மாடி வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் குறிபார்த்தார்.

"அந்தா, மூண்டாம் மாடியில ஒரு பொம்பிளை. தோடு கூடத் தெரியுது ஐசே!"

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். ஜன்னல் திரை சட்டென்று மூடியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பொலிஸ் கார்கள் வந்து நின்றன. கிழவர் ஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டு இனி இந்தப் பக்கம் வராதே என்றார். பொலிஸ் எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. என் டட்சனையும் ஒருவன் ஓட்டிவந்தான்.

ஸ்டேஷனில் அருட்பிரகாசம் தன் கிளப்பின் பெயரைச் சொன்னார். அதன் செயலாளருக்குப் போன் எடுத்தார்கள். அருட்பிரகாசம் நல்ல மனிதர் என்று பதில் வந்தது. பிறகு என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார்கள். என் மனைவியின் தங்கை புருஷன், என் வீட்டில் இருக்கிறவன் என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அகதியோடு அலைகிறவர் என்று கிளப்பில் தெரிந்துவிடுமாம், மானம் போய்விடுமாம். என் முகத்தைப் பார்க்காமல், தன் அழகான ஆங்கிலத்தில் சொன்னார்:

"இவரை எனக்குச் சரியாகத் தெரியாது. காருக்காகக் கூப்பிட்டேன்."

அவரை வெளியே விட்டார்கள். என்னை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். இமிகிரேஷனுக்கு அறிவிக்கப்போகிறோம் என்றான் ஒருவன். எனக்கு மனைவியின் முகமும் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையமும் மாறி மாறி வந்தன. அந்த மனுஷனைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. வீட்டுப் போன் நம்பரைச் சொல்லி, ஒருமுறை அடித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். எடுத்தது கனகாம்பிகை.

பஸ் பிடித்து வந்துவிட்டார். வீட்டுச் சட்டைக்கு மேல் கோட், காலில் செருப்பு. வாசலில் நின்ற கணவரைக் கடந்து நேரே உள்ளே வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார். இவர் என் தங்கையின் புருஷன், ஆறு வருடமாக என் வீட்டில் இருக்கிறார், இவருக்கு நான் பொறுப்பு. விலாசத்தைச் சரிபார்த்துக் கார்ச் சாவியைத் தந்தார்கள்.

வெளியே அருட்பிரகாசம் காருக்குப் பக்கத்தில் நின்றார். "கனகம், நான் ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டால், கிளப்பில..."

கனகாம்பிகை அவரைப் பார்க்கவே இல்லை. முன் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். கணவர் பின்கதவைத் திறக்கப் போனார். இவர் திரும்பிக் கையை நீட்டிப் பூட்டை அமுக்கினார்.

"அவரைத் தெரிஞ்ச ஆக்கள் கிளப்பில இருக்கினம். அவை வந்து ஏத்திக்கொண்டு போகட்டும். நீர் காரை எடும், தம்பி."

நான் எடுத்தேன்.