கேசட்டின் இரண்டாம் பக்கம்

1991-ஆம் வருடம். எனக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாதம்தான் இருக்கும். கணவருக்கு மஸ்கட்டில் வெல்டர் வேலை. கல்யாணத்துக்காக வந்தவர், லீவு முடிந்து நாற்பதாம் நாளே விமானம் ஏறிவிட்டார். நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் பென்னலூரில் மாமனார், மாமியார், பத்தாவது படிக்கும் நாத்தனார் ஆகியோருடன் இருந்தேன். அந்த மே மாதம் குண்டுவெடிப்பால் ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகம் முழுக்க அடிபட்டதில் கணவர் ரொம்பவே பயந்துபோனார். கடிதம் போதாது, மாதம் ஒரு கேசட் கட்டாயம் வேண்டும் என்று எழுதிவிட்டார்.

எங்கள் வீட்டில் கேசட் பதிவது ஒரு சின்னத் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரை நடுக்கூடத்தில் வைத்துச் சுற்றி உட்காருவோம். மஸ்கட் தூரம் என்பதால் மாமனார் தொண்டை கிழியக் கத்துவார். மாமியார் ஊர் நியாயம் எல்லாம் சொல்வார். நாத்தனார் மார்க்கைச் சொல்லிவிட்டு வாட்ச் கேட்பாள். கடைசியாக என் முறை வரும்போது நான்கைந்து நிமிடம்தான் மிச்சமிருக்கும். எல்லாரும் என் வாயையே பார்ப்பார்கள். "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தை வராது.

சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். ஏரிக்கரையில் நாத்தனாரின் சைக்கிளை ஓட்டிப் பழகி இரண்டு முட்டியையும் பெயர்த்துக்கொண்டிருந்தேன். மாமியாரோடு திருத்தணி போய், பஸ்ஸில் அவர் மடியிலேயே வாந்தி எடுத்த பெருமையும் உண்டு. இதெல்லாம் வீட்டுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றும் இருந்தது. ரோட்டோரம் இருந்த ஒரு சின்ன ஸ்விட்ச் கம்பெனி ஆபீஸில் அரைநாள் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். வீட்டில் ஷார்ட்ஹேண்ட் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். கேட்டால் மாமியார் விடமாட்டார் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து முழுநாள் வேலைக்கு வர முடியுமா என்று கம்பெனியில் கேட்பார்கள். அதற்குள் கணவர் சம்மதத்தையாவது வாங்கிவிட வேண்டும்.

ஒருநாள் எல்லாரும் படப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். தலைவலி என்று நான் மட்டும் தங்கிவிட்டேன். அனுப்பத் தயாராக இருந்த கேசட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டாம் பக்கத்தில் அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தேன். வேலையைச் சொன்னேன். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்றேன். பேச்சு ருசியில், உங்கள் அம்மா வைக்கிற குழம்பில் உப்பு கடல் போல இருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தேன்.

லீவு முடிந்து திரும்பிப் போன ஒருவர் கையில் அந்தக் கேசட் போயிற்று. பதில் கேசட்டில் என் கணவர் எல்லாருக்கும் பேசிவிட்டு, கடைசியில், "நீ சொன்னதெல்லாம் கேட்டேன். உனக்கு சரின்னு பட்டதைச் செய்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவர் அறையில் எட்டு பேர், எல்லாம் நம் பக்கத்து ஆட்கள். யாருக்குக் கேசட் வந்தாலும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து கேட்பதுதான் அங்கே வழக்கம். ஒரு வீட்டுக் குரல் எட்டு பேருக்கும் வீட்டுக் குரல். முதல் பக்கம் முடிந்ததும் யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இவர் சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கரண்டியோடு ஓடி வருவதற்குள் பாதி ஓடிவிட்டது.

அந்த எட்டு பேரில் ஒருவர், சேரப்பணஞ்சேரிக்காரர், லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கும் சோப்புக்கட்டியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார். வெள்ளந்தியான மனிதர். மாமியார் சாப்பிட வைத்துக் குழம்பை ஊற்றினார். ஒரு வாய் வைத்துவிட்டு அவர் சிரித்தார்.

"உப்பு சரியாத்தானே கீது! தங்கச்சி இன்னாமோ கடலுன்னு சொல்லிச்சே?" அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பி, "கம்பெனியில முழுநாள் வேலை குடுத்துட்டானாம்மா?" என்றார்.

மாமியார் அவருக்கு மோர் ஊற்றினார்.

அவர் போன பிறகு மாமியார் என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள், முழுநாள் வேலைக்கு வருகிறேனா என்று நான் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். காலையில் அவர் முன்னால் போய், "வேலைய விட்டுடறேன் அத்தே" என்றேன்.

அப்போதுதான் வெடித்தார். "வேலைக்குப் போனதுக்காடி கோவம்? கம்பெனி வாசல்ல உன் மருமகளப் பாத்தோமேன்னு தெருவுல நாலு பேரு கேட்டாளுங்க. அவ கிளாஸுக்குப் போறா, உங்க கண்ணுதான் அவிஞ்சு போச்சுன்னு சண்டை போட்டுக்கினு இருந்தேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே! ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எனக்காகத் தெருவோடு மல்லுக்கு நின்றவரைத்தான் நான் வில்லி என்று நினைத்து ஒளிந்து திரிந்திருக்கிறேன். வெட்கத்தில் அழுகைகூட வரவில்லை.

"எழுந்து பொடவைய மாத்து. அது இன்னா எடம்னு நான் பாக்கணும்" என்றார்.

என்னோடு கம்பெனிக்கு வந்தார். ஆபீஸைப் பார்த்தார். பெண்களுக்குப் பாத்ரூம் தனியாக இருக்கிறதா என்று பார்த்தார். மேனேஜரிடம், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல புள்ளைய ஒக்கார வச்சா நானே வந்து இட்டுக்கினு போயிடுவேன், ஆமா" என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறிப் போனார். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஒரு மாதம் குழம்புக்கு என்னையே உப்பு போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கேசட் பதிய உட்கார்ந்தோம். தன் முறை வந்ததும் மாமியார், "உன் பொண்டாட்டி வேலைக்குப் போறாடா. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். நல்ல எடம்தான்" என்றார். பிறகு டூ-இன்-ஒன்னுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"டேய் பசங்களா, நீங்களும் கேட்டுக்கினுதான் இருப்பீங்கன்னு தெரியும். அடுத்த பக்கம் அவங்க ரெண்டு பேருக்கு. எல்லாரும் எழுந்து வெளிய போங்க."

கேசட்டைத் திருப்பிப் போட்டு, மாமனாரையும் நாத்தனாரையும் கிளப்பிக்கொண்டு போய், வெளியே இருந்து கதவைச் சாத்தினார். மஸ்கட்டில் அறையிலிருந்த மற்ற ஆண்பிள்ளைகள் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள் என்று பிறகு என் கணவர் சொன்னார்.

மாமியார் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போதும் ஒரு விஷயத்தைக் கேட்கும் முன்பே 'இவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று மனசு சொன்னால், வாயை மூடிக்கொள்ளாமல் முதலில் போய்க் கேட்டுவிடுகிறேன்.